கிண்ணியாப் பாலத்தில் அப்பாவின் பின்னால்

ராசா,

போனில் நீ கத்தியதற்கு நான் கோபிக்கவில்லை. பின்னேரம் முழுவதும் நீ எடுத்துப் பார்த்தும் வீட்டில் பதில் இல்லை. அடுத்த நாள் உன் மச்சாள் எடுத்து, "மாமாவும் மாமியும் புயலுக்குள்ள மோட்டச்சைக்கிளில கிண்ணியாவுக்குப் போனவையாம்" என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் கத்தாது? "அப்பாதான் தெரியாமல் வெளிக்கிட்டார், உங்களுக்கென்ன விசரா? நீங்கள் ஏன் ஏறினீங்கள்?" என்று கேட்டாய். "சரி மகன், இனி ஏறமாட்டன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எதிர்க் கதிரையில் அப்பா இருந்தார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தை மாதம் நீ அபிராமியோடு உங்கள் கலியாணத்துக்கு வருகிறாய். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. அபிராமியும் இதை வாசிக்கட்டும். எங்களைப் போல ஒரு வீடு வேறு எங்காவது இருந்தால், அங்கே இருப்பவர்களும் வாசிக்கட்டும்.

வீடியோவில் நீ பார்க்கிற அப்பா சிரிக்கிறார், "ஓம், ஓம்" என்கிறார், "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்கிறார். அதைப் பார்த்து, கொஞ்சம் மறதி, வேறொன்றும் இல்லை என்று நீ நினைத்திருக்கிறாய். நீ வைத்த பிறகு என்னைப் பார்த்து, "ஆர் அந்தத் தாடிக்காரத் தம்பி? நல்ல பிள்ளை போல கிடக்கு" என்று அவர் கேட்பது உனக்குத் தெரியாது. அவருடைய மனதுக்குள் நீ இன்னும் தாடி வைக்கவில்லை. எனக்கும் இன்னும் தலை நரைக்கவில்லை. அதனால்தான் எங்கள் முகங்களைக் கண்டால் அவருக்குக் குழப்பம். சில நாள் என்னைத் தெரியும். சில நாள், வீட்டில் வேலைக்கு நிற்கிற ஒரு மரியாதையான பெண் என்று நினைத்துக்கொள்வார். குடிக்க ஏதும் கொடுத்தால் எழும்பி நின்று வாங்குவார். கலியாணம் செய்த நாளிலிருந்து என்னை "நீர்" என்று கூப்பிட்ட மனுசன், அந்த நாட்களில் "நீங்கள்" என்பார். அந்த ஒரு சொல்லிலிருந்து அன்றைய நாள் எனக்கு எப்படி என்று விளங்கிவிடும்.

மோட்டார் சைக்கிளை விற்கச் சொல்லி நீ எத்தனையோ தரம் சொன்னாய். பிறகு, தை மாதம் வந்தால் அதில் அபிராமியை ஏற்றிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போகவேண்டும் என்றும் நீதான் சொன்னாய். அதனால் மெக்கானிக் மாதம் ஒருக்கால் வந்து இயக்கிப் பார்த்துவிட்டுப் போவார், கொஞ்சம் பெற்றோலும் இருந்தது. ஆனால் நான் அதை வைத்திருந்தது உனக்காக மட்டும் இல்லை. காலையில் அப்பா ஒரு பழைய சாரத் துண்டை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் இருந்து துடைக்கத் தொடங்குவார். மத்தியானம் வரைக்கும் ஒரு பதற்றமும் இருக்காது. அந்த அமைதியை விற்க எனக்கு மனமில்லை. திறப்பை நான் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. அவர் எடுத்தது அலுமாரித் திறப்பை. அந்த மோட்டார் சைக்கிளின் பூட்டு எவ்வளவு தேய்ந்து போயிருந்ததென்றால், எதைப் போட்டாலும் திரும்பும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

அன்று காலையிலிருந்தே வானம் சரியில்லை. தாழமுக்கம் கரைக்குக் கிட்ட வந்துவிட்டதென்று வானொலியில் சொன்னார்கள். துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்கள் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தன. பக்கத்து வீட்டார் முதல் நாளே மட்டக்களப்புக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மின்சாரம் நின்றுவிட்டது. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தேன். மழை ஓட்டில் விழுந்த சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு முன்வளவில் மோட்டார் சைக்கிள் இயங்குகிற சத்தம் கேட்டது. நான் ஓடி வந்தபோது, பழைய காக்கி நீளக் காற்சட்டையும் மழைக்கோட்டும் போட்டு, சட்டைப்பையில் பேனையும் குத்தி, ஹெல்மெட்டோடு கேற்றைத் திறந்து வைத்துவிட்டு ஏறி இருக்கிறார்.

"எங்க வெளிக்கிடுறீங்கள் இந்த மழையில?" என்றேன்.

"குளம் முட்டப் போகுது. வான்கதவு திறக்கோணும். விலகுங்கோ பிள்ளை."

கிளிவெட்டிப் பக்கத்துக் குளமும் வாய்க்கால்களும் அவருடைய பொறுப்பில் இருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மாரி பிறந்தால் அவர் வீட்டில் நிற்கமாட்டார். தண்ணீர் ஏற ஏற வான்கதவைத் திறந்துவிடாவிட்டால் அணை உடைந்து கீழே உள்ள வயலும் வீடும் போய்விடும். அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் அவரைவிட்டுப் போகவில்லை. எல்லாம் மறந்துபோக, அது மட்டும் மிஞ்சிவிட்டது. நான் முன்னால் போய்க் கைபிடியைப் பிடித்தேன். "அங்க சனம் கிடக்கு, விலகுங்கோ!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. சில்லு என் காலுக்குப் பக்கத்தால் நகர்ந்தது. வீதியில் ஒரு மனித முகம் இல்லை. மோட்டார் சைக்கிள் கேற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. நீ கேட்டாயே, ஏன் ஏறினீங்கள் என்று. பெரிய விளக்கம் என்னிடம் இல்லை, ராசா. ஒன்றில் அவர் தனியாகப் போகவேண்டும், இல்லையென்றால் என்னோடு போகவேண்டும். மூன்றாவது வழி இருந்திருந்தால் நான் அதை எடுத்திருப்பேன். வீட்டுச்சட்டையோடு, காலில் செருப்பும் இல்லாமல், போனைக் குசினியில் வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பின்னால் ஏறினேன்.

சந்தி வருமுன் அவர் நிறுத்தினார். இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். "போடுங்கோ பிள்ளை. வெறுந்தலையோட வந்தால் பொலிஸ் மறிக்கும்." இறங்கிக் கதைக்கப் பார்த்தேன். அதற்குள் கியர் போட்டுவிட்டார். அனுராதபுரச் சந்தியில் சிக்னல் விளக்குகள் எரியவில்லை. அவர் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, கையைக் காட்டித் திரும்பினார். தன் மகனைத் தெரியாத மனுசனுக்கு அந்த வீதியில் எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. கண்டி வீதியில் மரக்கொப்புகள் முறிந்து கிடந்தன. மழை சரளைக்கல் எறிந்ததுபோல முகத்தில் அடித்தது. ஒரு பெரிய லொறி எதிரே வந்து எங்கள்மேல் தண்ணீரைச் சுவர்போல எழுப்பிவிட்டுப் போனது. மோட்டார் சைக்கிள் ஒருபக்கம் இழுபட்டது. நான் அவருடைய இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். அவர் சீற்றில் முன்னுக்கு அரக்கி இருந்தார். பிறகு, தலையைத் திருப்பாமல், "பின்னால கம்பி இருக்கு பிள்ளை, அதைப் பிடியுங்கோ" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, இவ்வளவு மழைக்குள்ளும் காது சுட்டது. அந்நியப் பெண் ஒருத்தியின் உடம்பு தன்மேல் முட்டக்கூடாது என்று ஒதுங்கி இருக்கிறார். "இஞ்சாருங்கோ, நான் உங்கட மனுசி!" என்று அவருடைய காதுக்குள் கத்தினேன். "என்ர மனுசி இந்த மழைக்கு வாசலுக்கும் வரமாட்டா" என்று சிரித்தார். நான் திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோது அவருடைய தோள் விறைத்தது, சில்லு வீதிக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மனைவி என்று நிரூபிக்கிற நேரம் இது இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சீனக்குடா தாண்டும்போது, வழியில் ஏற்றிய ஆளைக் கேட்பதுபோல, "நீங்கள் எங்க இறங்கோணும்?" என்று கேட்டார். "நீங்கள் போற இடம் வரைக்கும்" என்றேன். "ஓ, நல்லது" என்றார். எங்களுக்கிடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் மழை ஓடியது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தனியாக எங்கேயும் இருந்ததில்லை.

கிண்ணியாப் பாலத்தின் வாசலில் ஒரு பொலிஸ்காரர் குடிலுக்குள் நின்று கையைக் காட்டிக் கத்தினார். அப்பா அவருக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். பாலத்தில் ஏறியதும் காற்று கொட்டியாரக் குடாவிலிருந்து தடையில்லாமல் வந்து இடப்பக்கத்தில் அடித்தது. அப்பா அதற்கு எதிராகச் சரிந்து ஓட்டினார். ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் நடு வீதியைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டோம். கம்பி கையில் நிற்கவில்லை. "பறவாயில்லை, என்னைப் பிடியுங்கோ!" என்று அவரே கத்தினார். நான் பிடித்தேன். எங்கிருந்தோ ஒரு தகரம் பறந்து வந்து, எங்களுக்கு முன்னால் வீதியில் மோதி, கிளம்பி, வலப்பக்கத் தண்ணீருக்குள் போனது. கடவுளைக் கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. உன் பெயரைத்தான் சொன்னேன். ஏனென்று தெரியவில்லை.

நடுப்பாலத்தில் அவர் நிறுத்தினார். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு சுற்றிவரப் பார்த்தார்.

"இது என்ன பாலம்?"

"கிண்ணியாப் பாலம்."

"இங்க பாலம் இல்லை. இங்க பாதை எல்லோ ஓடுறது?"

அபிராமிக்குச் சொல்கிறேன், அந்த நாளில் கிண்ணியாத் துறையைக் கடக்கிற மிதவையைப் 'பாதை' என்றுதான் சொல்வோம். அப்பா வேலைக்குப் போன காலத்தில் மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போவார். இல்லாத பாலம் ஒன்றின் நடுவில் நிற்பதாக அவருக்குப் பட்டது. வழி முழுவதும் அவ்வளவு நிச்சயத்தோடு வந்த மனுசன் சின்னப் பிள்ளைபோல நடுங்கத் தொடங்கினார். "நான் பிழையான வழியால வந்திட்டன். குளம் உடையப் போகுது" என்றார். இயந்திரமும் நின்றுவிட்டது. அங்கே நின்றால் அடுத்த காற்றோடு இருவரும் விழுவோம். திரும்பிப் போவோம் என்றால் வரமாட்டார். நான் இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்று, "வான்கதவு திறந்தாச்சு" என்றேன்.

"ஆர் திறந்தது?"

அவரோடு குளத்தில் வேலை செய்த ஆளின் பெயர் எப்படியோ வாயில் வந்தது. "கந்தையா. அவர்தான் ஆள் அனுப்பினவர், உங்களிட்டச் சொல்லச் சொல்லி."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "கந்தையா திறந்தால் சரி. அவனுக்குத் தெரியும்" என்றார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார். இறங்கியதும்தான் அவருக்கு எவ்வளவு குளிர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. உதடு நீலமாக இருந்தது. நான் காற்றடிக்கிற பக்கமும் அவர் மற்றப் பக்கமும் நின்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிண்ணியாப் பக்கம் நடந்தோம். விட்டுவிட்டு வரச் சொன்னால் கேட்கமாட்டார். என் வெறுங்கால் வெட்டுப்பட்டு இரத்தம் வந்தது. பாலம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன லொறி எங்களைக் கண்டு நின்றது. மீன் பெட்டி ஏற்றுகிற லொறி. ஓடிவந்த மனிதருக்கு ஹனீபா என்று பெயர். "அல்லாவே, இந்த வயசில இந்தக் காத்துக்க எங்க போறீங்க ஐயா?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவைத் தூக்காத குறையாக முன் சீற்றில் ஏற்றினார். மோட்டார் சைக்கிளைப் பின்னால் போட்டார். எங்களை அவருடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் அப்பாவுக்குக் காய்ந்த சாரமும் சட்டையும் கொடுத்தார்கள். எனக்கு ஹனீபாவின் மனைவி தன்னுடைய சட்டையைத் தந்து, காலைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். இஞ்சித் தேத்தண்ணீர் குடித்து உடம்பு சூடானதும் அப்பா ஹனீபாவிடம், "தம்பி, ஒரு போன் எடுக்கலாமோ? என்ர மனுசி வீட்டில தனிய. பயந்துகொண்டிருப்பா" என்றார். ஹனீபா என்னைப் பார்த்தார். வழியில் அப்பாவின் மறதியைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுக்க, அப்பா எங்கள் வீட்டு மேசைத் தொலைபேசியின் இலக்கத்தை ஒன்றும் பிசகாமல் அழுத்தினார். உன் இலக்கம் எனக்குப் பாடமில்லை. அவருக்கு வீட்டு இலக்கம் இன்னும் பாடம். பூட்டாமல் வந்த வெறும் வீட்டில் தொலைபேசி அடிக்கிற சத்தத்தை, எதிர்க் கதிரையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடித்து ஓய்ந்தது. "எடுக்கிறா இல்லை" என்று திரும்ப அழுத்தினார். அடித்து ஓய்ந்தது. "ஒருநாளும் எடுக்காமல் விடமாட்டா. ஏதோ நடந்திட்டுது" என்று எழும்பி, மழைக்கோட்டைத் தேடத் தொடங்கினார்.

ஹனீபாவின் மனைவி என் தோளைத் தட்டிக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தன் போனை என் கையில் வைத்து, "அம்மா, இதால அவர்ட போனுக்கு எடுங்க. ஐயாவுக்கு உங்கட குரல் தெரியும்தானே?" என்றாள். எனக்கு நிச்சயம் இல்லை. அவள் அழுத்தித் தந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. ஹனீபா, "ஐயா, உங்கட வீட்டில இருந்து" என்று சொல்வது கேட்டது.

"ஹலோ?"

"நான்தான்" என்றேன்.

"எங்க போனீர்? எடுக்கிறீர் இல்லை."

நீர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பின்வளவில நின்றனான். கேக்கேல்ல."

"யன்னல் எல்லாம் பூட்டினீரோ?"

"ஓம்."

"குளத்துக்குப் பயமில்லை. கந்தையா திறந்திட்டான். நான் நாளைக்குத்தான் வருவன், பாதை ஓடாது. நீர் எனக்காகப் பார்த்துக்கொண்டிராமல் சாப்பிடும்."

"ஓம், சாப்பிடுறன்."

"இஞ்ச, ஒரு பிள்ளை என்னோட வந்தவ. வயசான பிள்ளை. சரியாப் பயந்துபோனா. ஆருமில்லை போல கிடக்கு. அவவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ? ஒரு நாள் எங்கட வீட்டில நிக்கட்டும்."

"கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். ஹனீபாவின் மனைவி தேங்காய் துருவப் போகிறவள்போல மற்றப் பக்கம் திரும்பி நின்றாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது அப்பா ஆறுதலாகக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "இருங்கோ பிள்ளை. என்ர மனுசியோட கதைச்சனான். உங்களை வரச் சொன்னவ" என்றார்.

அடுத்த நாள் காற்று அடங்க, ஹனீபா எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். மோட்டார் சைக்கிள் அவருடைய வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி உனக்கு அந்தப் பயம் வேண்டாம். அப்பா காலையில் சாரத் துண்டோடு போய், அது நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார். ஒன்றும் கேட்பதில்லை. அந்த நேரம் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இப்போது வேறொன்று செய்கிறேன். உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அவருக்குப் பதற்றம் கூடிய நாளில் குசினிக்குள் போய், என் போனிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுக்கிறேன். அவர் எழும்பிப் போய் எடுக்கிறார். "எங்க நிக்கிறீர்? வேளைக்கு வாரும்" என்கிறார். மீன் என்ன விலை, மழை விட்டதோ, உனக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் என்றெல்லாம் கதைக்கிறோம். சில நாள் குரலும் பிடிபடாது. "பிழையான நம்பர்" என்று வைத்துவிடுவார். பிடிபட்ட நாளில் நான் கதைத்து முடித்து, போனை வைத்துவிட்டு அறைக்குள் போனால், "நீங்கள் ஆரைத் தேடி வந்தனீங்கள்?" என்பார். குசினிக்கும் அறைக்கும் இடையில் இருக்கிற அந்தக் கொஞ்சத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இன்னும் ஒரு புருசன் இருக்கிறார். அதை நான் விடமாட்டேன். அவரைக் கொழும்பில் ஓர் இல்லத்தில் விடலாம் என்று நீ மெல்லச் சொல்லிப் பார்த்தாய். உன் கவலை விளங்குகிறது. எனக்கு ஏலாமல் போகிற நாளில் நானே உனக்குச் சொல்வேன். அந்த நாள் இன்னும் வரவில்லை.

கலியாணம் செய்யப்போகிற உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. ஒன்று மட்டும். நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒருவரையொருவர் ஒரே மாதிரித் தெரிந்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்காதே. அபிராமி உன்னைத் தெரியாத ஆளைப்போலப் பார்க்கிற நாள் வரும், நீயும் அவளை அப்படிப் பார்ப்பாய். அதற்கு வயதும் நோயும்தான் வரவேண்டும் என்றில்லை. அந்த நேரம், "நான் ஆர் தெரியுமோ?" என்று உரிமை பேசாதே. நான் பேசிப் பார்த்தேன். சில்லு கரைக்குப் போனதுதான் மிச்சம். பக்கத்தில் இரு. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்.

அப்பாவோடும் அப்படித்தான். அவரை மணவறைக்குக் கிட்ட இருத்துவோம், இருந்தால் சந்தோசம். எழும்பிப் போனால் நான் கூடப் போகிறேன், நீ தாலியைக் கட்டு. ஆனால் அதற்கு முதல், விமான நிலையத்திலிருந்து வந்து வாகனத்தை விட்டு இறங்கியதும் உடனே உள்ளே ஓடி வராதே. உன் தாடியைக் கண்டு அவர் உன்னை வேறு ஆளாக முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்ற ஏலாது. கேற்றடியில் நின்று முதலில் வீட்டுத் தொலைபேசிக்கு எடு. "அப்பா, நான் வந்திட்டன்" என்று சொல். அவர் கதைக்கட்டும். என்ன கேட்டாலும் பதில் சொல், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாலும் சொல். அவர் உன்னை வரச் சொன்ன பிறகு உள்ளே வா. இன்னும் ஒன்று, ராசா. அவருக்கு இப்போது முழங்கால் ஏலாது. கதிரையை விட்டு எழும்பி வந்து எடுக்க நேரமாகும். நிறையத் தரம் அடிக்கும்.

வைத்துவிடாதே.

அம்மா